கடைசிப் பெயர்

ரோலாவில், சலூனுக்கும் சிம் கார்டு கடைக்கும் நடுவே
மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர்,
சொட்டுகிற ஏசிக்குக் கீழே நான்.
ஒன்பது வருடமாய் அடுத்தவர் பெயர்களை
அரபியில் அடித்துக் கொடுக்கிறேன்.
நம் ப அங்கே கிடையாது;
பவளம் அக்கா உதடு அதிர்ந்துதான்
எல்லை தாண்ட வேண்டும்.
ஓர் எழுத்து பிசகினால் மறுபடி கட்டணம்.
ஓர் எழுத்தின் விலை எனக்குத் தெரியும்.

வியாழன் இரவு, கடை சாத்தும் நேரம்,
சிமெண்ட் காய்ந்த பூட்ஸோடு வந்தான்.
பெயர்: நேசமணி.
கடைசிப் பெயர்: சமாதானம்.
"இதை எடுக்கணும் மேடம்."
விரல் இரண்டாவதின் மேல் இருந்தது.

"அப்பா பெயரா?"
"அப்பாவேதான்."

அவன் சொன்னதில் பாதியைத்தான் எழுதுகிறேன்.
சாயர்புரத்தில் அவர் சண்டை போடாத வீடில்லையாம்.
ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை நடுவே
எழுந்து போனவர்தான், அம்மாவின் வளையலோடு.
ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரை வைத்த ஐயருக்கு
நல்ல வேடிக்கை உணர்ச்சி என்றான், சிரிக்காமல்.

பதினோரு வருடமாய் இங்கே
நேசமணி என்று கூப்பிட ஆளில்லை.
லிஸ்டில் கடைசிப் பெயர்தான் முன்னால் நிற்கிறது.
காலை நாலரைக்கு, கேம்ப் வாசலில்,
பட்டான் டிரைவர் கத்துவான்: சம்தான்! சம்தான்!
"ஓடிப்போன மனுஷனுக்காக
தினமும் நான் ஆஜர் சொல்றேன்."

பாஸ்போர்ட், விசா, லேபர் கார்டு, ஐடி, பேங்க்.
கூட்டிச் சொன்னேன். இரண்டு மாதச் சம்பளம்.
கால்குலேட்டரைத் தன் பக்கம் திருப்பி
மறுபடி கூட்டினான்.

அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன்:
ஆபிராம் நடுவே ஒரு க.
அவ்வளவுதான் சேர்த்தார் தேவன்.
வயது தொண்ணூற்றொன்பது,
கூடாரத்தில் ஒரே பையன், அவனும் ஆகார் பெற்றவன்.
மறுநாள் கிணற்றடியில் எந்த முகத்தோடு சொல்லியிருப்பார்
திரளான பேருக்குத் தகப்பன் என்று?
ஆட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்.
இன்னும் ஆகாத ஒன்றைச் சொல்லி யாரோ கூப்பிட,
கிழவர் திரும்பிப் பார்த்தார்.
அவர் விசுவாசம் என்றால் எனக்கு அந்தக் கழுத்துதான்.

அப்புறம், எரியாத முட்செடியில் நின்று
தன்னை இன்னார் என்று சொல்ல வந்தபோது
தேவனும்தான் கடைசிப் பெயர் சொன்னார்.
மனைவியைத் தங்கை என்றவன்,
அதே பொய்யை அப்படியே சொன்ன மகன்,
கண் தெரியாத தகப்பனை ஏய்த்த பேரன்.
மூவரையும் தன் பேரோடு சேர்த்துக்கொண்டார்.
எடுக்கணும் என்று
எந்த டைப்பிங் சென்டருக்கும் வந்ததில்லை.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
பக்கத்துக்குப் பதினைந்து திர்ஹம் எனக்கு,
பிரசங்கத்துக்கு ரேட் இல்லை.

"சனிக்கிழமை வரேன்."
"டிராஃப்டில் வைக்கிறேன். முப்பது நாள் இருக்கும்."

எழுந்தவன் நின்றான்.
வீட்டில் ஏழாம் மாதமாம்.
"பிள்ளைக்குக் கடைசிப் பெயர் என் பேருதானே வரும்?"
"ஆமாம். நேசமணி."
அந்தச் சொல்லை இன்னொருத்தர் வாயில் கேட்டு
எத்தனை நாளாயிற்றோ,
காது சிவந்து போனது.

கதவு திறந்தது. ஒரு மிஸ்ரி பெரியவர்: ஸலாம்.
இவனும் ஸலாம் என்றான், பழக்கத்தில்.
இந்த ஊரில் எந்தக் கதவைத் திறந்தாலும்
முதலில் நுழைவது இவன் அப்பாவின் பெயர்.
பதினோரு வருடமாய் இவனே அதற்குப் பதில் சொல்கிறான்.
தெரியுமோ தெரியாதோ.

வெளியே ஹார்ன்.
சம்தான்! யல்லா!

முதலில் கழுத்து திரும்பியது.
பிறகு அவன்.

இன்று பதினெட்டாம் நாள்.
ஃபைல் அப்படியே இருக்கிறது.
அவன் வரவில்லை.
நான் அழிக்கவில்லை.